சொந்தப் படை மேல் விழும் குண்டு: மேசைப் போர் விளையாட்டின் விதிகள் குறித்து

2019 பிப்ரவரி 27-ம் தேதி காலை, ஸ்ரீநகர் விமானப்படைத் தளத்திலிருந்து ஏவப்பட்ட ஸ்பைடர் ஏவுகணை ஒன்று பட்காம் அருகே ஒரு எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. ஏவுகணையும் இந்தியாவுடையது, ஹெலிகாப்டரும் இந்தியாவுடையது. விமானப்படையினர் ஆறு பேரும், தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அன்று காலைதான் எல்லையில் பாகிஸ்தான் விமானங்களோடு வான்சண்டை நடந்துகொண்டிருந்தது. அடுத்த அடி எங்கே விழுமோ என்று தளம் முழுக்க விழித்திருந்த நேரத்தில், நெருங்கி வந்த நம் ஹெலிகாப்டர் பகையாகத் தெரிந்தது. அது எங்கள் பெரும் தவறு என்று அதே ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதி பதவூரியா வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இதில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. பகை நெருங்குகிறது என்று நினைத்த உடனே திருப்பிச் சுடுவது ஒன்று. சுட்ட குண்டு சொந்த ஆள் மேலேயே விழுவது இன்னொன்று. களத்தில் இவை இரண்டும் ஒரே நொடியில், ஒரே ஆளின் முடிவால் நடந்துவிட்டன. பதற்றத்தில் எழுகிற எதிர்வினைதான் பெரும்பாலும் சொந்தப் படையைச் சுடுகிறது. போரை மேசை மேல் நடத்திக் காட்டும் மினியேச்சர் விளையாட்டுகள் இந்த உறவை எப்படிக் கையாளுகின்றன என்று எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை. பெரும்பாலான விதிப் புத்தகங்கள் எதிர்வினைக்கு ஓர் அத்தியாயமும், சொந்தப் படை மேல் விழும் குண்டுக்கு வேறோர் அத்தியாயமும் ஒதுக்கி, இரண்டையும் சந்திக்கவிடாமலே முடித்துவிடுகின்றன. போரைப் பற்றி அவை சொல்லும் முதல் பொய் அதுதான் என்பது என் வாதம்.

மேசையும் அதன் கண்ணும்

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல். விரல் உயர பொம்மை வீரர்கள், மேசையில் மேடு, வீடு, முள்வேலி, அளக்க ஒரு டேப், உருட்டப் பகடை, கையில் தடித்த விதிப் புத்தகம். இவ்வளவுதான் கருவி. ஒருவர் தன் படையை நகர்த்துவார், சுடுவார். முடிந்ததும் எதிராளி தொடங்குவார். அடிபட்டானா, தப்பினானா, பயந்து ஓடினானா என்பதைப் பகடை சொல்லும். பிரிட்டனில் 1987-ல் வெளிவந்த வார்ஹாமர் 40,000 இன்று உலகெங்கும் ஆடப்படுகிறது. தமிழ்நாட்டில் இது இன்னும் சிறு வட்டத்தின் ஈடுபாடுதான். திருச்செந்தூருக்குத் தெற்கே, உடன்குடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருகிற சிலர் அந்த வட்டத்தின் ஓரத்தில் இருக்கிறோம்.

கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் கோடு கீறி நம் முன்னோர் ஆடிய ஆடுபுலி ஆட்டமும் ஒரு போர் விளையாட்டுத்தான். மூன்று புலிக்கு எதிராகப் பதினைந்து ஆடு. அதில் புலி தாண்டும்போது ஆடு எதுவும் செய்ய முடியாது. தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தன் காயைத் தானே வெட்டவும் வழியில்லை. சதுரங்கமும் அப்படியே. இரண்டும் தங்களைப் போரின் நகல் என்று சொல்லிக்கொள்வதில்லை. எல்லாக் காயும் இருவர் கண்ணுக்கும் தெரிய, அறிவும் அறிவும் மோதுகிற ஆட்டங்கள் அவை. ஆகவே அவற்றிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமில்லை. மினியேச்சர் விளையாட்டின் நிலை வேறு. துப்பாக்கியின் வீச்சு, சுவரின் உயரம், வீரனின் துணிவு என ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, இது போரைப் போன்றது என்று அது உரிமை கொண்டாடுகிறது. உரிமை கொண்டாடினால் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்வோம். முதலாவது, எதிர்வினை செய்கிறவன் அதற்கு விலை கொடுக்கிறானா? இரண்டாவது, அறியாமைக்கு விதியில் இடம் உண்டா? அதாவது, தான் சுடப்போவது யாரை என்று தெரியாத நிலை ஆடுகிறவருக்கு எப்போதாவது வருகிறதா? மூன்றாவது, ஒரு மாலைப்பொழுதில் ஆடி முடிக்க முடிகிறதா? இந்த மூன்றாவதை அற்பமாக நினைக்கக் கூடாது. எவ்வளவு உண்மையான விதியானாலும் ஆட முடியாததென்றால் அது வெறும் காகிதம்.

களம்: பாஞ்சாலங்குறிச்சி, 1801

அளவுகோலை வெறும் வெளியில் நீட்ட முடியாது. ஒரு களம் வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே அது இருக்கிறது. 1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2-ம் தேதி அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களுக்குள் அதே இடத்தில் கோட்டை மீண்டும் எழுந்தது. மார்ச் 31-ம் தேதி கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், மேஜர் மெக்காலே தலைமையிலான படை அதைத் தாக்கித் தோற்றது. கர்னல் அக்னியூ பெரும் பீரங்கிகளோடு வந்த பிறகே, மே 24-ம் தேதி கோட்டை விழுந்தது.

அந்தப் போரில் இருந்த கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். அவர் காட்டும் கோட்டை இது. முழுக்க மண்ணால் ஆன சுவர். இரு பக்கம் ஏறத்தாழ ஐந்நூறு அடி, மற்ற இரு பக்கம் முந்நூறு அடி. சிறு சிறு கொத்தளங்கள். மார்ச் 31 அன்று பீரங்கி சுவரை உடைத்துவிட்டது. உடைப்பில் சிப்பாய்கள் ஏறியும்விட்டார்கள். ஆனால் உள்ளே இறங்க முடியவில்லை. உட்புறம் குடைந்திருந்த கொத்தளங்களின் அடியில் நின்றவர்கள், பதினெட்டு இருபது அடி நீள ஈட்டிகளை மேல் நோக்கிக் குத்தியபடி இருந்தார்கள். சுவருக்கு மேல் எழுந்த ஒவ்வொரு தலைக்கும் கீழிருந்து ஒரு பதில் வந்தது. எதிர்வினை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை. முறை வரட்டும் என்று பாஞ்சாலங்குறிச்சி வீரன் காத்திருக்கவில்லை.

இதே களத்தில் சொந்தப் படையைச் சுடும் ஆபத்தும் இரு வடிவில் இருக்கிறது. கோட்டையைத் தாக்கும் எந்தப் படைக்கும் உள்ள சிக்கல் முதலாவது. உடைப்பை நோக்கித் தன் ஆட்கள் ஓடும்போது பீரங்கி எந்த நொடியில் ஓய வேண்டும்? முன்கூட்டியே ஓய்ந்தால் ஒதுங்கியிருந்த எதிரி மறுபடி சுவருக்கு வந்துவிடுவான். பிந்தி ஓய்ந்தால் குண்டு தன் ஆள் முதுகில் விழும். இரண்டாவது சிக்கல் எட்டயபுரம். அந்தப் பாளையத்தின் படை கும்பினியோடு நின்றது. சிவப்புச் சட்டைச் சிப்பாய் எங்கிருந்தாலும் தெரிவான். ஆனால் புழுதி கிளம்பிய களத்தில், ஒரே சீமையிலிருந்து வந்த எட்டயபுரத்தாரையும் பாஞ்சாலங்குறிச்சியாரையும் ஓர் ஆங்கிலேய அதிகாரி தூரத்திலிருந்து எதை வைத்துப் பிரித்தறிவார்?

இந்தக் கோட்டையை மேசையில் கட்டிப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். வழக்கமான 28 மில்லிமீட்டர் பொம்மை ஏறத்தாழ ஐம்பத்தாறில் ஒரு பங்கு அளவு. அந்தக் கணக்கில் ஐந்நூறு அடிச் சுவர் 2.7 மீட்டர் வரும். எந்தச் சாப்பாட்டு மேசையும் கொள்ளாது. அதனால் நிலத்தை மட்டும் இன்னும் நான்கில் ஒன்றாகச் சுருக்குகிறோம். தேரி மணலைப் பசையில் குழைத்துச் சுவர் எழுப்பி, பனை ஈர்க்கை நறுக்கி ஈட்டியாக வீரன் கையில் ஒட்டினால், பதினெட்டு அடி ஈட்டி பொம்மை அளவில் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுருங்கிய நிலத்தில் அதே ஈர்க்கு எழுபது அடி தூரத்தைத் தொடுகிறது! ஒரு சாண் இடத்துக்குள் பீரங்கியின் இலக்கும், ஏறுகிறவனும், தடுக்கிறவனும் குவிந்து நிற்கிறார்கள். யார் குண்டு யார் மேல் விழும் என்ற கேள்வி அந்தச் சாணுக்குள்தான் தீர வேண்டும். விதிப் புத்தகம் அங்கே என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

விதிகளை நிறுத்துப் பார்த்தல்

முதலில் வார்ஹாமர் 40,000. எதிரியின் முறையிலும் சுட வழிவிடும் அதன் ஓவர்வாட்ச் விதியின் வரலாறே ஒரு பாடம். 1993-ல் வந்த இரண்டாம் பதிப்பில், தன் முறையில் சுடாமல் விட்டுக்கொடுத்தவர்தான் எதிரியின் முறையில் சுடலாம். எதிர்வினைக்கு அங்கே நேர்மையான விலை இருந்தது. பிறகு அது கைவிடப்பட்டு, 2012-ல் ஆறாம் பதிப்பில் வேறு உருவில் திரும்பியது. மோத வருகிறவனை நோக்கி, மோதப்படும் அணி சுடலாம், ஆனால் பகடையில் ஆறு விழுந்தால்தான் அடி. 2023-ன் பத்தாம் பதிப்பில் அதற்குக் கட்டளைப் புள்ளி ஒன்று செலவாகிறது; படை முழுவதற்கும் ஒரு முறைக்கு ஒரு தடவைதான். கணக்கர் கொடுக்கும் விலை இது, களத்தில் நிற்கிறவன் கொடுக்கும் விலை இல்லை. அவசரத்தில் சுடுகிறவனின் குறி தவறும் என்பதை அந்த ஆறு ஒப்புக்கொள்கிறது. ஆள் தவறும் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

சொந்தப் படையைச் சுடுவதில் இந்த விளையாட்டு பின்னோக்கி நடந்திருக்கிறது. ஏழாம் பதிப்பு வரை வெடிகுண்டுக்கு வட்டத் தகடும், அது எந்தத் திசையில் எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் தனிப் பகடையும் இருந்தன. விலகிய வட்டத்துக்குள் யார் நின்றாலும் அடிதான். 2017-ல் எட்டாம் பதிப்பு தகட்டையும் விலகலையும் ஒருங்கே நீக்கியது. கைகலப்பில் இருக்கும் எதிரியைச் சுடுவதற்குப் பொதுவாகத் தடை. வண்டிக்கும் பெருமிருகத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் அப்போதும் குண்டு தன் ஆளைத் தொடாது. பாஞ்சாலங்குறிச்சி உடைப்பில் இந்த விதியை வைத்தால், பீரங்கி எப்போது ஓய வேண்டும் என்ற கேள்வியே எழாது. சிப்பாய் ஈட்டிக்காரனைத் தொட்ட நொடியில் புத்தகமே பீரங்கியின் வாயை மூடிவிடும். அதிகாரியின் நெஞ்சை அறுத்த முடிவை அச்சிட்ட ஒரு வரி எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் வேகமாக முடியும் என்பதை மறுக்கவில்லை. மூன்றாம் அளவுகோலில் மட்டும் தேர்ச்சி.

அடுத்து போல்ட் ஆக்‌ஷன். ரிக் பிரீஸ்ட்லியும் அலெசியோ கவடோரேயும் எழுதி 2012-ல் வந்தது. களம் இரண்டாம் உலகப் போர். இரு தரப்புப் பகடைகளையும் ஒரு பையில் போட்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். யார் பகடை வருகிறதோ அவர் ஓர் அணியை இயக்குவார். இதனால் முறை என்ற சுவரே பாதி இடிந்துவிடுகிறது. பதுங்கியிருக்கும் கட்டளை பெற்ற அணி, எதிரி கண்ணில் படும்போது சுடலாம். அதுவரை வேறெதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும். தன்னைச் சுடுகிறார்கள் என்று தெரிந்த உடனே தரையோடு படுத்துக்கொள்ளவும் செய்யலாம்; ஆனால் அந்தச் சுற்றில் அந்த அணியின் செயல் அதோடு முடிந்தது. விலை இருக்கிறது, அதுவும் களத்து விலை. முதல் அளவுகோலில் நல்ல மதிப்பெண்.

சொந்தப் படை மேல் விழும் குண்டையும் இது பெயர் சொல்லியே ஏற்கிறது. பீரங்கித் தாக்குதலையோ விமானத்தையோ அழைக்கும் பார்வையாளர் பகடை உருட்டும்போது ஒன்று விழுந்தால் ஆபத்து அவர் பக்கமே திரும்பும். இதைப் பாராட்டலாம். ஆனால் ஆறில் ஒன்று என்ற அந்த வாய்ப்பு எப்போதும் ஆறில் ஒன்றுதான். தன் ஆட்கள் எதிரியிடமிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தாலும், மேசையின் மறுகோடியில் இருந்தாலும் எண் மாறுவதில்லை. அழைத்தவர் பதறினாரா, பொறுமையாகப் பார்த்துச் சொன்னாரா என்பதற்கும் மதிப்பில்லை. விபத்தைத் தலைவிதி என்று காட்டுகிறது இந்தப் புத்தகம். அதற்குள் இருக்கும் முடிவைக் காட்டவில்லை. காலாட்படைத் துப்பாக்கிக்கோ இந்த ஆபத்து இல்லவே இல்லை. பதுங்கியிருந்து சுடுகிறவன் யாரைச் சுடுகிறோம் என்பதில் ஒருபோதும் தவறுவதில்லை.

மூன்றாவது, ஸ்பெயின் நாட்டு கோர்வஸ் பெல்லி நிறுவனத்தின் இன்ஃபினிட்டி. எதிர்வினையை ஆட்டத்தின் முதுகெலும்பாகவே வைத்த விளையாட்டு இது. ஒருவர் ஒரு வீரனை அசைத்தாலே, அவனைப் பார்க்க முடிகிற எதிரி வீரர்கள் எல்லோரும் அந்த நொடியே சுடலாம், விலகலாம். இருவரும் ஒரே நேரத்தில் பகடை உருட்டுவார்கள். பாஞ்சாலங்குறிச்சிச் சுவர்மேல் எழுந்த தலையும் கீழிருந்து வந்த ஈட்டியும் இங்கேதான் ஒரே கணத்தில் சந்திக்கின்றன. அந்தக் காட்சியை இதைவிட நன்றாகக் காட்டும் விதியை நான் ஆடியதில்லை. கைகலப்புக்குள் சுட்டால் குறி கடுமையாகக் குறையும், தவறிய குண்டு தன் ஆளைத் தொடவும் வாய்ப்புண்டு. இங்கே ஆபத்து ஆடுகிறவரின் முடிவிலிருந்தே பிறக்கிறது. சுடுவதா, பொறுப்பதா என்று அவரே தேர்ந்தெடுக்கிறார்.

அறியாமைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. மறைந்து வரும் வீரனுக்குப் பதில் மேசையில் ஒரு வில்லை மட்டும் நகரும். அதைக் கண்டுபிடித்த பிறகே சுட முடியும். இவ்வளவு தூரம் வந்த இன்ஃபினிட்டி ஓர் அடி முன்னால் நின்றுவிடுகிறது. அந்த வில்லை எதிரியுடையது என்பது இருவருக்கும் தெரியும். எந்த எதிரி என்பதுதான் தெரியாது. நம்மவனா பிறத்தியானா என்ற ஐயம், எட்டயபுரத்து ஐயம், பட்காம் ஐயம், அங்கே வருவதே இல்லை.

நான்காவதாக, ஆர்ட்டி கான்லிஃப் 1996-ல் எழுதிய கிராஸ்ஃபயர். முறையும் இல்லை, அளவு டேப்பும் இல்லை. ஒருவர் நகர்த்திக்கொண்டே போகலாம். எதிரியின் பதில் சூடு அவரை நிறுத்தினால் ஆட்டம் கைமாறும். பதிலுக்குச் சுட்டு எதையும் சாதிக்காத அணி, எதிராளியின் அந்த ஓட்டம் முடியும்வரை மறுபடி சுட முடியாது. இந்த ஒரு விதி எவ்வளவு சிந்திக்க வைக்கிறது! முன்னால் வருவது தூண்டிலா, உண்மையான தாக்குதலா என்று எடைபோட்ட பிறகே சுட வேண்டியிருக்கிறது. எதிர்வினையின் விலையை இதைவிடக் குறைந்த சொற்களில் யாரும் எழுதவில்லை. ஆனால் இங்கும் வருகிறவன் எதிரி என்பதில் ஐயமில்லை.

ஆக, நான்கிலும் ஒரே ஓட்டை. காரணம் விதியை எழுதியவர்களின் திறமைக் குறைவு இல்லை. ஆடுகிறவர் உட்காரும் இடம். அவர் மேசைக்கு மேலே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். களத்தில் எவருக்கும் கிடைக்காத கண் அது. அந்தக் கண் இருக்கும்வரை, சொந்தப் படையைச் சுடுவது பகடையின் குறும்பாக மட்டுமே வர முடியும். மனிதனின் தவறாக வர முடியாது.

நடுவரின் பழைய வழி

இந்த ஓட்டையை அடைக்கும் வழி இருநூறு ஆண்டுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812-ல் தன் போர் விளையாட்டை மன்னருக்குக் காட்டினார். அவர் மகன் 1824-ல் அதைச் செப்பம் செய்து வெளியிட்டார். அந்த கிரீக்ஸ்பீலில் இரு தரப்பும் நடுவரிடம் கட்டளையை எழுதிக் கொடுக்கும். தான் பார்க்கக் கூடியதை மட்டுமே ஒவ்வொருவரும் அறிவார். மீதி நடுவரிடம் இருக்கும். 1913-ல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய லிட்டில் வார்ஸ் இந்த விளையாட்டைப் பொதுமக்களின் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது நடுவரின் மறைப்பு விலகியது. ஸ்பிரிங் பீரங்கியும் மரக்குச்சிக் குண்டும் வந்தன. குச்சி யார் பொம்மை என்று பார்த்து விழுவதில்லை என்பதால் அதிலும் ஒருவகை உண்மை இருந்தது. பிறகு வந்தவர்கள் குச்சியையும் எடுத்துவிட்டார்கள். மறைப்பும் போய், குச்சியும் போய், மேலிருந்து பார்க்கும் கண் மட்டும் மிஞ்சியது.

எங்கள் மேசையில் பாஞ்சாலங்குறிச்சியை ஆடும்போது கிரீக்ஸ்பீலின் வழியைச் சிறிதளவு திரும்பக் கொண்டுவந்தோம். சுவரை விட்டு விலகி நிற்கும் பாளையப் படைகள் எல்லாம் கவிழ்த்த சீட்டாகவே நகரும். எட்டயபுரமா, பாஞ்சாலங்குறிச்சியா என்பது நடுவருக்கும் அந்தப் படைக்குரியவருக்கும் மட்டுமே தெரியும். கும்பினியின் பீரங்கியை ஒருவரும் எட்டயபுரத்தை வேறொருவரும் ஆடுவார்கள். இருவரும் ஒரே தரப்பு, ஆனால் பேசிக்கொள்ளக் கூடாது, நடுவர் வழியாகச் செய்தி அனுப்பலாம். ஒரு சீட்டு பீரங்கியின் பார்வைக்குள் வந்தால், சுடுவதா பொறுப்பதா என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். சுட்ட பிறகே சீட்டைத் திருப்பலாம். பொறுத்தால் அந்தச் சீட்டு இன்னும் ஒரு நகர்வு நெருங்கும். அது பகையாக இருந்தால் பீரங்கியே போய்விடும்.

ஒரு நாள் பீரங்கியை ஆடிய தம்பி, வடக்கிலிருந்து வேகமாக வந்த சீட்டைப் பார்த்தான். ஏற்கெனவே ஒரு பீரங்கியை இழந்திருந்தான். "சுடுதேன்" என்று சொல்லிப் பகடையை உருட்டினான். நல்ல எண் விழுந்தது. நடுவராக இருந்தவன் சீட்டைத் திருப்பிவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அண்ணாச்சி அனுப்புன ஆளுவலே. ஒனக்கு ஒத்தாசைக்கு வந்தாவ." எட்டயபுரத்தை ஆடியவன் நான். செய்தி அனுப்பியிருந்தேன், அது நடுவர் கையில் ஒரு சுற்றுத் தாமதமாகக் காத்திருந்தது. யாரும் விதியை மீறவில்லை, பகடையும் சதி செய்யவில்லை. பயந்த ஒருவன், தெரியாத ஒன்றைப் பார்த்து, நேரத்துக்குள் முடிவெடுத்தான். எதிர்வினையும் சொந்தப் படை மேல் விழுந்த குண்டும் ஒன்றாக நடந்ததை அன்றுதான் ஒரு மேசையில் பார்த்தேன். அதற்குப் பிறகு, உதவிக்கு ஆள் அனுப்பும் முன் செய்தி சேர்ந்ததா என்று கேட்காமல் எங்களில் யாரும் சீட்டை நகர்த்துவதில்லை.

எதிர்வாதங்கள்

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். மூன்றுமே கேட்கத் தகுந்தவை.

விளையாட்டு மகிழ்ச்சிக்கானது, தன் பொம்மையைத் தானே கொல்வதில் என்ன மகிழ்ச்சி என்பது முதல் மறுப்பு. வாரக்கணக்கில் வண்ணம் தீட்டிய வீரன், பகடை ஒன்று காட்டியதற்காகத் தன் குண்டாலேயே விழுந்தால் எரிச்சல்தான் வரும். இதை முழுக்க ஏற்கிறேன். அதனால்தான் ஆறில் ஒன்று என்ற விதியை நான் குறை சொல்கிறேன். காரணமில்லாத இழப்பு எரிச்சலூட்டும்; தன் முடிவால் வந்த இழப்பு அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கும்.

நடுவரும் கவிழ்த்த சீட்டும் வைத்தால் ஆட்டம் நீளும், நடுவராக உட்கார ஆள் கிடைக்காது என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. இருவர் மட்டுமே ஆடும் மேசையில் கிரீக்ஸ்பீலை அப்படியே நடத்த முடியாது. ஆனால் எல்லாவற்றையும் மறைக்கத் தேவையில்லை. 1942-ல் லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் நடத்திய கடற்படைப் பயிற்சிப் பிரிவில், தரையில் கோடு போட்டுச் சிறு கப்பல்களை நகர்த்தினார்கள். துணைக்கப்பல் தளபதியாக ஆடியவர்கள் கான்வாஸ் திரையின் சிறு துளை வழியாகத்தான் தரையைப் பார்க்க முடிந்தது. ஒரு திரை, ஒரு துளை, அவ்வளவுதான். நீர்மூழ்கிகளை எதிர்கொள்ளும் உத்திகள் அந்தத் தரையில் உருவாகி அட்லாண்டிக் கடலுக்குப் போயின. அறியாமையை மேசைக்குக் கொண்டுவர விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

மூன்றாவது மறுப்பு மனச்சான்றைச் சார்ந்தது. பட்காமில் ஏழு குடும்பங்கள் இழந்ததை ஒரு விளையாட்டு விதியாக்குவது தகுமா? இதைத்தான் நான் நீண்ட நேரம் எண்ணிப் பார்த்தேன். என் பதில் இது: சாவையே விளையாட்டாக்கிவிட்ட பிறகு, அந்தச் சாவில் பாதியை மட்டும் மறைப்பதுதான் தகாதது. எதிரியின் சாவு மட்டும் நடக்கும் மேசை, போர் சுத்தமானது என்று ஆடுகிறவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. தன் முடிவால் தன் ஆள் விழும் மேசை அப்படிக் கற்றுக்கொடுக்காது.

தீர்ப்பு

நம் மரபு இதை எப்போதோ அறிந்திருந்தது. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி என்று மூவேந்தர் படைகள் சூடிய பூக்களைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்லும்போது, பகை வேந்தரிடையே இன்னார் என்று தெரிய வேண்டும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. களத்தில் ஆள் தெரியாமல் போகும் என்ற அச்சம் அந்த இலக்கணத்துக்குள் இருக்கிறது. இன்று அச்சிட்டு விற்கும் பெரும்பாலான போர் விளையாட்டு விதிகளில் அது இல்லை.

ஆகவே என் தீர்ப்பை வரிசையாகச் சொல்கிறேன். எதிர்வினையை மட்டும் நிறுத்துப் பார்த்தால் இன்ஃபினிட்டி முதலிடம். மிகக் குறைந்த விதியில் மிகப் பெரிய விலையைக் காட்டும் கிராஸ்ஃபயர் அதற்கு இணையாக நிற்கிறது. சொந்தப் படை மேல் விழும் குண்டை ஒப்புக்கொண்ட துணிவுக்காகப் போல்ட் ஆக்‌ஷனுக்கு மதிப்பு உண்டு. அதை முடிவாக்காமல் விபத்தாக்கியதால் பாதி மதிப்புத்தான். இன்றைய வார்ஹாமர் 40,000 இந்த இரண்டு விஷயத்திலும் தன் பழைய பதிப்புகளைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. எளிமைக்காக அது கொடுத்த விலை அதிகம். இரண்டையும் இணைக்கும் வழி கிரீக்ஸ்பீலில் மட்டுமே இருக்கிறது. அதை முழுதாக எடுக்க முடியாதவர்கள் ஒரே ஒரு விதியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்: யார் என்று தெரியும் முன்பே சுடுவதா பொறுப்பதா என்று சொல்லியாக வேண்டும்.

தமிழில் இந்த விளையாட்டுக்கு இன்னும் விதிப் புத்தகம் பெருகவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் காளையார்கோயிலும் மேசைக்கு வரக் காத்திருக்கின்றன. அவற்றை எழுதப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஈட்டியின் நீளத்தையும் பீரங்கியின் வீச்சையும் எழுதும்போது, எட்டயபுரத்தானையும் பாஞ்சாலங்குறிச்சியானையும் பிரித்தறிய முடியாத அந்தத் தூரத்தையும் எழுதுங்கள். அது இல்லாத விதி எவ்வளவு அழகாக ஆடினாலும் போரைப் பற்றிய விதி ஆகாது.